காந்தத்தின் பிடியும் கண்டிச் சீமைத் தேயிலையும்

தேயிலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் மண்ணைப் பற்றி எழுதினர். மழையையும் மலையையும் பற்றி எழுதினர். துரைமாரின் துணிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினர். அந்த மலையை வெட்டித் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளியின் வரலாறோ மிகப் பிந்தியே ஏட்டில் ஏறத் தொடங்கியது. இவற்றுக்கிடையே இன்னொரு சிறு வரலாறு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அது தேயிலைக்குள் புகுந்த இரும்பின் வரலாறு. அந்த இரும்பை மீண்டும் வெளியே இழுத்தெடுக்கும் காந்தத்தின் வரலாறு. அற்பப் பொருள் என்று நாம் இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு காந்தம் எவ்வளவு பலத்துடன் இழுக்கிறது, அந்தப் பலம் எதனால் பெருகுகிறது, எதனால் குன்றுகிறது என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு நடந்தால், அது நம்மைக் கண்டி நகரைச் சூழ்ந்த மலைகளின் தொழிற்சாலைகளுக்கும், அங்கிருந்து லயத்து அடுப்படிக்கும் கொண்டுசென்று நிறுத்துகிறது.

இரும்பு கண்டி நாட்டுக்கு வெள்ளையரோடு வந்த பொருளன்று. 1815இல் கண்டி அரசு பிரித்தானியர் வசமாவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்நாட்டுக் கிராமங்களில் உலை வைத்து இரும்பு உருக்கும் மக்கள் வாழ்ந்தனர். 1821இல் தம் நூலை வெளியிட்ட ஜோன் டேவி என்ற ஆங்கில வைத்தியர் அவ்வுலைகளைப் பற்றிக் குறித்து வைத்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, அவ்வுலைகளில் எஞ்சியிருந்தவற்றின் தொழில் முறையை ஆராய்ந்து, கண்டிக் கலைகளைப் பற்றி 1908இல் வெளியிட்ட தமது பெருநூலில் இடம்பெறச் செய்தார். அவர் கண்டது ஒரு தொழிலின் அந்திப் பொழுதை. கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பு ஊர் உலைகளின் நெருப்பை அவித்துவிட்டது. இரும்பைச் செய்யத் தெரிந்திருந்த நாடு, இரும்பை வாங்க மட்டுமே தெரிந்த நாடாக ஆக்கப்பட்டது.

காந்தமும் நம்மவர்க்குப் புதியதன்று. இரும்பைத் தன்பால் ஈர்க்கும் கல்லை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் காந்தத்தையும் இரும்பையும் உவமையாகக் கையாளுகிறது. எனினும் உவமைக்கு வேண்டியது ஈர்ப்பு என்ற நிகழ்ச்சி மட்டுமே; எவ்வளவு ஈர்ப்பு என்ற கணக்கு அதற்கு வேண்டியதில்லை. அந்தக் கணக்கு தொழிலின் தேவையிலிருந்து பிறப்பது. கடலோடிகளின் திசையறி கருவி பெருகிய காலத்தில், 1600ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வில்லியம் கில்பேட் காந்தத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். காந்தக் கல்லின் துருவங்களுக்கு இரும்புக் கவசம் இட்டால் அது முன்னிலும் அதிக பாரத்தைத் தூக்குகிறது என்பதை அவர் சோதித்து எழுதினார். கல் மாறவில்லை, அதன் விசை செல்லும் வழி மாறியது, தூக்கும் பாரம் கூடியது. காந்தத்தின் பலம் காந்தத்தில் மட்டும் இல்லை என்ற உண்மையின் முதல் வெளிச்சம் அது.

இனிக் கண்டிக்கு வருவோம். 1854இல் ஜோன் வோக்கர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் கண்டியில் யந்திரத் தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் யந்திரங்களுக்கு அப்போது பெருந்தேவை இருந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி மாண்டது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

டெய்லரின் முதல் தேயிலை அவருடைய வீட்டு விறாந்தையில் மேசைமேல் கையால் உருட்டப்பட்டது. கரி நெருப்பின்மேல், மண் அடுப்பில் உலர்த்தப்பட்டது. அதில் இரும்புக்கு அதிக வேலை இல்லை. ஆனால் 1872இல் அவர் தொழிற்சாலை அமைத்து உருட்டும் யந்திரத்தைப் பூட்டினார். 1870களில் அசாமில் வில்லியம் ஜக்சன் உருட்டு யந்திரங்களையும், சாமுவேல் டேவிட்சன் வெப்பக் காற்றால் உலர்த்தும் யந்திரங்களையும் அமைத்தனர். அடுத்த தலைமுறைக்குள் கண்டி, கம்பளை, புசல்லாவை, தெல்தோட்டை, மாத்தளை மலைகளெங்கும் தகரச் சுவர் கொண்ட உயர்ந்த தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்து மக்கள் அவற்றை 'ஸ்டோர்' என்றனர். ஹந்தானையில் 1925இல் எழுந்த அத்தகைய தொழிற்சாலை ஒன்று இன்று தேயிலை நூதனசாலையாக நிற்கிறது. அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் பழைய யந்திரங்களைக் காண்போர், தேயிலை என்னும் மெல்லிய பொருளைச் சுற்றி எத்தனை தொன் இரும்பு சுழன்றது என்பதை உணரலாம்.

சுழலும் இரும்பு தேயும். உலர்த்தியின் தட்டுகள் துருவேறும். சலிக்கும் கம்பிவலை அறுந்து பொடியாகும். ஆணி கழலும், திருகு விழும். கொழுந்து தோட்டத்திலிருந்து வரும்போதே சாக்கிலும் வண்டியிலும் இருந்து சில்லறை இரும்பைச் சுமந்து வரும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசாமில் மக்கேர்ச்சர் என்பவர் அமைத்த யந்திரம் வேறொரு வகையினது. பல் வெட்டிய இரு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். அதன் பற்கள் மழுங்க மழுங்க மீண்டும் தீட்டப்பட வேண்டும். ஒவ்வொரு தீட்டலிலும், ஒவ்வொரு உராய்விலும் உலோகத் தூள் பிறக்கிறது. இலங்கையின் பெரும்பாலான தொழிற்சாலைகள் பழைய உருட்டு முறையையே கைக்கொண்டிருப்பினும், தேய்மானம் எம்முறைக்கும் பொது.

இரும்பு தேயிலையில் கலந்தால் என்ன கேடு? பல்லை உடைக்கும் ஆணியை விட்டுவிடுவோம். கண்ணுக்குப் புலப்படாத தூளே வேறொரு வேலை செய்கிறது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீல நிறம் பிறக்கும். முற்காலத்தில் கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்த்து எழுது மை காய்ச்சியதும் இவ்விதியின்படியே. பழைய உருட்டு யந்திரங்களில் இலை உராயும் மேசைக்குப் பித்தளை வேய்ந்ததற்கும் இது ஒரு காரணம். இன்று சட்டமும் குறுக்கே நிற்கிறது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு கிலோகிராம் தேயிலையில் இரும்புத் தூள் 250 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஆகவே உலர்ந்த தேயிலை சலிக்கப்படும் இடத்திலும், பெட்டியில் அடைக்கப்படும் இடத்திலும் காந்தம் காவல் நிற்கிறது. இதே சாலையில் உரோமத் துணியில் உராய்ந்து சுழலும் பிளாஸ்டிக் உருளைகளும் உண்டு. அவை தேயிலையிலிருந்து தண்டையும் நாரையும் இழுத்தெடுக்கின்றன. அது காந்தமன்று, உராய்வில் பிறக்கும் மின்னேற்றத்தின் வேலை. காந்தம் தேடுவது இரும்பை மட்டுமே.

விற்பனைக்கு வரும் காந்தத்தின்மேல் 'இழுவிசை 50 கிலோ' என்றோ '100 கிலோ' என்றோ ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணின் பொருள் யாது? தடித்த, வழவழப்பான, தூய இரும்புத் தகட்டின்மேல் காந்தத்தை இடைவெளி சிறிதுமின்றிப் பொருத்தி, நேர் செங்குத்தாக இழுத்தால், அது பிரியும் கணத்தில் வேண்டிய விசை அவ்வளவு. அதற்கு மேல் அந்த எண் எதையும் உறுதி கூறவில்லை. தகடு மெல்லியதானால் காந்தப் புலம் முழுவதையும் அது உள்வாங்காது, பிடி குறையும். இடையில் வர்ணப் பூச்சோ துருவோ இருந்தால் குறையும். செங்குத்தாக இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளினால், அந்த எண்ணின் சிறு பங்கு விசையிலேயே காந்தம் வழுக்கிவிடும். அங்கே தாங்குவது உராய்வு மட்டுமே.

புலத்துக்கும் பிடிக்குமுள்ள உறவை 19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ்வெல் வகுத்த கணிதம் தெளிவாக்கியது. தொடுபரப்பில் புலம் 1 டெஸ்லா எனின், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் சுமார் 4 கிலோகிராம் பாரத்தைத் தூக்கும் விசை உண்டு. புலம் பாதியானால் விசை பாதியாவதில்லை, காற்பங்காகிறது. மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. அதற்கும் முன்னரே, 18ஆம் நூற்றாண்டில், டானியல் பெர்னூலி இன்னோர் உண்மையைக் கண்டிருந்தார்: காந்தத்தின் தூக்கும் வலிமை அதன் எடையோடு சமமாக வளர்வதில்லை, அதன் மேற்பரப்போடு வளர்கிறது. எட்டு மடங்கு எடையுள்ள காந்தம், அதே வடிவினதாயின், நான்கு மடங்கு பாரத்தையே தூக்கும். பெரிய காந்தத்தை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணும் நிர்வாகிக்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆனால் தேயிலைச் சாலைக்கு எல்லாவற்றினும் முக்கியமானது தூரத்தின் கணக்கே. வட துருவமும் தென் துருவமும் பிரியாதிருப்பதால், சிறு காந்தமொன்றிலிருந்து எட்டிச் செல்லுந்தோறும் புலம் வெகு விரைவாக வற்றுகிறது. தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகும். இரும்புத் துகளின்மேல் விழும் இழுப்போ, புலத்தை மட்டுமன்றி அப்புலம் எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே அது 128இல் ஒரு பங்காகச் சுருங்கும். இதன் பொருள் எளிது. தேயிலை விரல் தடிப்புக்குக் குவிந்து ஓடினால், அடியிலுள்ள தூளைக் காந்தம் கண்ணெடுத்தும் பாராது. மெல்லிய படலமாகப் பரவி ஓடினால், எளிய காந்தமும் தன் கடமையைச் செய்யும். 100 கிலோ என்று பொறித்த காந்தம் நான்கு விரற்கடை உயரத்தில் தொங்குமாயின் அது அலங்காரமே.

மனிதன் செய்த காந்தங்களின் வளர்ச்சியும் கவனிக்கத்தக்கது. 1917இல் ஜப்பானில் ஹொண்டா கொத்தாரோ கோபோல்ற்று கலந்த உருக்கில் அதுவரை இல்லாத வலிமையுள்ள நிலைக்காந்தத்தைச் செய்தார். 1931இல் மிஷிமா அலுமினியமும் நிக்கலும் சேர்த்து அதனை விஞ்சினார். 1950களின் தொடக்கத்தில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுச்சாலையிலிருந்து, துரு போன்ற மலிவான பொருளைச் சுட்டு உண்டாக்கிய கறுத்த மட்காந்தம் வெளிவந்தது. 1960களில் ஸ்ற்றர்நாற் அமெரிக்காவில் சமாரியம் சேர்ந்த காந்தத்துக்கு வழி திறந்தார். 1980களின் முற்பாதியில் ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் குரோற்றும் தனித்தனியே நியோடிமியம், இரும்பு, போரன் ஆகிய மூன்றையும் கூட்டி இன்றைய மிகப் பலமான காந்தத்தைக் கண்டனர். மட்காந்தத்தின் புலம் சுமார் 0.4 டெஸ்லா என்றால் இதன் புலம் 1.2 டெஸ்லாவுக்கும் மேல். மும்மடங்கு புலம்; நாம் மேலே கண்ட கணக்கின்படி, ஒன்பது மடங்கு பிடி.

இந்தப் பலத்துக்குத் தேயிலைச் சாலையில் தேவை இருக்கிறது. துருப்பிடியா உருக்கு பொதுவாகக் காந்தத்துக்கு வசப்படாதது. யந்திரப் பல்லாக அது நசுங்கித் தேயும்போது அதன் உள்ளமைப்புச் சிறிது மாறி, அற்பமான காந்த குணம் பெறுகிறது. அந்த அற்ப குணத்தைப் பற்றியிழுக்க மட்காந்தம் போதாது; நியோடிமியம் வேண்டும். ஆயினும் வலியவனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சாதாரண வகை நியோடிமியக் காந்தம் 80 பாகை வெப்பத்துக்கு மேல் தன் வலிமையில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். தேயிலை உலர்த்தியிலோ சுமார் 90 பாகை வெப்பமுள்ள காற்று புகுகிறது. அந்த வாயிலருகே காந்தத்தைப் பொருத்தி மறந்துவிட்டால், சில காலத்தில் அங்கே நிற்பது காவற்காரனல்ல, காவற்காரனின் உடை.

இங்கேதான் நாம் தொழிலாளியிடம் வருகிறோம். காந்தத்தை அன்றாடம் துடைப்பவர் யார்? அதில் ஒட்டிய இரும்புப் பொடியைத் துணியால் வழித்தெடுத்து, மீண்டும் அதனைப் பூட்டுபவர் யார்? சலிப்பறையில் தூசியைச் சுவாசித்து நிற்கும் ஆணும் பெண்ணுமே. பொடி மூடிய காந்தம், தன் பிடிக்கும் தேயிலைக்கும் நடுவே தானே ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது என்பதை அவர்கள் கை அறியும். ஆனால் ஏன் என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. மலையகத்துத் தொழிற்சாலைகளில் யந்திரத்தின் தெய்வமாக ரோதை முனியை வழிபட்ட மரபு ஒன்று உண்டு. கையை விழுங்கக்கூடிய சக்கரத்தின் எதிரே, அதன் இயல்பு விளக்கப்படாத மனிதன் வேறென்ன செய்வான்? அச்சம் நிறைந்த இடத்தில் அறிவை வைப்பதே நம் கடமை.

அந்த அறிவு எட்டாக்கனியன்று. ஒரு சிறு எஃகுக் குண்டு, ஒரு வில் தராசு, குறித்த தடிப்புள்ள ஓர் அட்டை: இவ்வளவே வேண்டும். அட்டையைக் காந்தத்தின்மேல் வைத்து, குண்டை ஒட்டவைத்து, தராசால் நேராக இழுத்து, குண்டு பிரியும் கணத்தில் முள் காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். மாதந்தோறும் அதே இடத்தில், அதே குண்டினால் இதைச் செய்து வந்தால், காந்தம் நலமா, நலிவா என்று ஏடு சொல்லிவிடும். கூடவே, எடை தெரிந்த இரும்புத் தூளைச் சிறிது தேயிலையில் கலந்து ஓடவிட்டு, எவ்வளவு திரும்பி வந்தது என்று நிறுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. தராசின் முள்ளைப் பற்றி மலையகத் தொழிலாளிக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கொழுந்தின் எடையில் கழிக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடிய தலைமுறைகள் அவை. ஓர் எண், யார் அளந்தார், எப்படி அளந்தார் என்பதைப் பொறுத்தது என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள். காந்தத்தின்மேல் பொறித்த எண்ணுக்கும் அதே விதிதான்.

இன்னோர் இரும்பும் இம்மலைகளில் உண்டு. அது மனித இரத்தத்திலுள்ள இரும்பு. வளர்ந்த மனிதனின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் வரையே இரும்பு இருக்கிறது. ஒரு சிறு ஆணியின் எடை. காந்தம் அதனை இழுத்தெடுப்பதில்லை. இரத்தத்தின் இரும்பணுக்கள் தனித்தனியே பிணைப்புண்டு கிடப்பதால், ஆணியின் இரும்பைப் போல அணிவகுத்து நிற்க அவற்றால் இயலாது. 1936இல் பாலிங், கோரியல் என்ற இரு விஞ்ஞானிகள், பிராணவாயு ஏற்ற இரத்தப் பொருள் காந்தத்தால் சிறிது விலக்கப்படுகிறது என்றும், பிராணவாயு நீங்கியபின் சிறிது ஈர்க்கப்படுகிறது என்றும் அளந்து காட்டினர். காந்தக் காப்பு அணிந்தால் இரத்தம் விருத்தியாகும் என்று விற்போரின் வாயை அடைக்க இது ஒன்றே போதும்.

அந்த இரும்பைக் களவாடியவை வேறு. செருப்பின்றி நடந்த காலில் புகுந்த கொக்கிப் புழு அதனை உறிஞ்சியது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனத்தார் மலைநாட்டுத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். சோகை பிடித்த கூலியால் வேலை நடவாது என்ற கணக்கும் அவ்வியக்கத்துக்குத் தோட்ட முதலாளிகளின் வாயிலைத் திறந்தது. மருந்து கொடுக்கப்பட்டது, ஆனால் மலசலகூடமும் நல்ல உணவும் இல்லாத லயத்தில் புழு மீண்டும் மீண்டும் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. வாக்கற்றவனின் சோகை எந்தச் சபையிலும் ஒலிக்கவில்லை. நாடற்றவர் என்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டுவரை சட்டங்கள் வேண்டியிருந்தன. பிரசவத்தாலும் உணவுக் குறைவாலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சோகை தொடர்ந்தது. இதிலும் ஒரு கொடுமை: ரொட்டியோடு அவள் அருந்தும் வெறுந்தேத்தண்ணீரின் துவர்ப்புப் பொருள், தொழிற்சாலையில் இரும்பைக் கருமையாக்கும் அதே பொருள், உணவிலுள்ள இரும்பையும் கட்டிப்போட்டு உடம்பில் சேரவொட்டாமல் செய்கிறது. உணவுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் இந்த இழப்புக் குறையும். இச்சிறு செய்தியும் ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர வேண்டியதே.

ஆக, ஒரே மலையில் இரண்டு இரும்புகளைக் காண்கிறோம். தேயிலையில் மிகுந்துவிட்ட இரும்புக்கு வரம்பு உண்டு, அளவுகோல் உண்டு, வாங்குவோன் மறுத்துவிடுவான் என்ற பயம் உண்டு, ஆகவே பூமியின் அடியிலிருந்து அரிய மண் தனிமங்களைத் தோண்டிச் செய்த காந்தம் ஒன்று அங்கே காவல் இருக்கிறது. அதே தேயிலையைப் பறித்தவளின் இரத்தத்தில் குறைந்துவிட்ட இரும்புக்கும் அளவுகோல் உண்டு. ஒரு துளி இரத்தமும் சில நிமிடமும் போதும். ஆனால் அந்த அளவு சரியில்லை என்பதற்காகத் தேயிலைப் பெட்டி எதுவும் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படுவதில்லை.

விஞ்ஞானம் இரண்டு இரும்பையும் அளக்க வல்லது. எதை அளப்பது, எந்த அளவுக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது சமுதாயம். காந்தத்தின் பிடி அதன்மேல் பொறித்த எண்ணில் இல்லை. இரும்புக்கு எவ்வளவு அருகில் அது நிற்கிறது என்பதிலேயே இருக்கிறது என்று கண்டோம். மலையகத்துப் பெண்ணின் நலனுக்கென இயற்றப்படும் திட்டங்களையும் நாம் அப்படியே சோதிப்போம்: ஏட்டிலுள்ள தொகையைக் கொண்டல்ல, அது லயத்து வாசலுக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதைக் கொண்டு.